புறநகர் என்னும் சொல்லாடல்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடத்தை முன்வைத்து

ஸ்ரீபெரும்புதூர் சென்னையின் புறநகரா என்ற கேள்விக்கு வழக்கமாகக் கிலோமீட்டரில் பதில் சொல்கிறார்கள். சுமார் நாற்பது கிலோமீட்டர், நல்ல ரோடு, ஆகவே புறநகர்தான் என்கிறார்கள். தூரத்தை வைத்து இதைத் தீர்க்க முடியாது என்பது என் வாதம். புறநகர் என்பது ஓர் உறவு. யார் எந்தத் திசையில் வேலைக்குப் போகிறார்கள், ராத்திரி யார் எங்கே படுக்கிறார்கள், யாருடைய ஆணை யார்மேல் செல்லுகிறது என்பவற்றால் ஆன உறவு.

பிரெஞ்சில் புறநகருக்கு 'பான்லியூ' என்று பெயர். சொல்லைப் பிரித்தால் ஆணை ஒன்று, காதம் ஒன்று கிடைக்கும். நகரத்தின் ஆணை செல்லுபடியாகும் ஒரு காத தூரம் என்பதே மூலப் பொருள். நம்மிடமும் சிலப்பதிகாரத்தில் புறஞ்சேரி இருக்கிறது. கண்ணகியை அங்கே மாதரியின் அடைக்கலத்தில் விட்டுவிட்டுத்தான் கோவலன் மதுரைக்குள் போகிறான். தீர்ப்பு உள்ளே நடந்து முடிகிறது. சேதி மட்டும் வெளியே வருகிறது.

சென்னையின் ஆணை எதுவரை? பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை பல பத்தாண்டுகளாக 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் ஓர் அரசாணையால் அது 5,904 ஆனது. அப்போதுதான் ஸ்ரீபெரும்புதூர் பேரூர் கோட்டுக்குள் வந்தது. ஆனால் மூலதனம் இதற்காகக் காத்திருக்கவில்லை. 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த நாளிலிருந்து உலகச் சந்தையில் அது 'சென்னை ஆலை'தான். பரந்தூரில் நிலம் கேட்டபோதும் 'சென்னையின் இரண்டாவது விமான நிலையம்' என்றுதான் கேட்டார்கள். 2022லிருந்து எதிர்த்து நிற்கும் ஏகனாபுரத்து ஜனங்களை மட்டும் யாரும் சென்னைவாசி என்று சொல்லவில்லை. செம்பரம்பாக்கத்துத் தண்ணீரும் சென்னைக்குப் போகிறது. ஸ்ரீபெரும்புதூருக்கு இன்னும் ஒரு ரயில் நிலையம் கிடையாது.

(நாடாளுமன்றத் தொகுதியில் இது தலைகீழ். 2009 தேர்தல் முதல் ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம், அம்பத்தூர், மதுரவாயல் எல்லாம் 'ஸ்ரீபெரும்புதூர்' என்ற பெயருக்குக் கீழே! பெயரளவில் சென்னை இங்கே புறநகர்.)

அம்பத்தூரிலும் ஓர் ஒரகடம் உண்டு. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தபோது வேலை நிரந்தரமானவர்கள் பாடி, கொரட்டூர், அம்பத்தூர் பக்கம் மனை வாங்கினார்கள், சீட்டுப் போட்டு வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தார்கள். ரயில் இருந்தது, சங்கம் இருந்தது. 2011இல் அம்பத்தூர் மாநகராட்சியோடு சேர்ந்தபோது அது ஏற்கெனவே நகரம்தான். அந்தப் புறநகரை உண்டாக்கியதில் நிரந்தர வேலைக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த ஒரகடத்தில் நடப்பது வேறு. காலையில் சுங்குவார்சத்திரம் முக்கில் நின்று பார்த்தால் தெரியும். அதிகாரிகள் சென்னையிலிருந்து இங்கே வந்து, சாயங்காலம் திரும்பிப் போகிறார்கள். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் காண்ட்ராக்டில், விடுதியில். ஊர்க்காரர்களைக் கேளுங்கள், இன்னமும் 'மெட்ராசுக்குப் போறேன்' என்றுதான் சொல்கிறார்கள். புறநகர்க்காரன் அப்படிச் சொல்வானா?

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் பூந்தமல்லி விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் நூற்றுக்கும் மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். அப்புறம் அரசு ஒன்று செய்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைத் திறந்தது. முன்பிருந்ததைவிட எவ்வளவோ மேல், மறுக்கவில்லை. ஆனால் அங்கே எண்ணிக்கை படுக்கையில்தான், வீட்டில் இல்லை. கல்யாணம் ஆனால் அந்தப் பெண் எங்கே போவாள்? குழந்தை எந்தப் பள்ளிக்குப் போகும்? இந்தக் கேள்விகளுக்கு அந்தக் கட்டடத்தில் இடமில்லை.

இன்னொரு விஷயம் நம் ஆட்கள் அதிகம் கவனிக்காதது. 2011 கணக்கெடுப்பின்படி ஒரு கிராமம் நகரமாக எண்ணப்பட வேண்டுமானால் மக்கள்தொகை 5,000, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், அத்தோடு ஆண் தொழிலாளர்களில் 75 சதவீதம் விவசாயத்துக்கு வெளியே இருக்க வேண்டும். ஆண் தொழிலாளர்களில்! ஆயிரக்கணக்கான பெண்கள் போன் பூட்டும் பிரதேசத்தில், அந்த உழைப்பு ஊரை நகரமாக்கும் கணக்கில் வராது.

'நகரமாக அறிவிக்கக் கோரலாமே' என்கிறார்கள் தோழர்கள் சிலர். வீட்டு வரி ஏறும் என்று ஊராட்சிக்காரர்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. அறிவிப்பு வீட்டையும் ரயிலையும் கொண்டுவராது. 2024 செப்டம்பர் 9இல் தொடங்கி 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் நின்றார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. நின்றவர்கள் நிரந்தரத் தொழிலாளிகள். 2021இல் மறியல் செய்த பெண்களால் அப்படி நிற்க முடியவில்லை. ஆலையை மூடினார்கள், விடுதியிலிருந்து ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள்.