சக்கர பேரிங்: அன்றும் இன்றும்

பின்சக்கர இயக்கத்தில் ஓடிய பழைய கார்களின் முன்சக்கர மையமான ஹப்பில் பெரும்பாலும் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள் இருக்கும். உள்ளே பெரியது, வெளியே சிறியது. ஹென்றி டிம்கன் 1898-இல் குதிரை வண்டி அச்சுக்காகக் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. சாய்ந்து நிற்கும் உருளைகள் வண்டியின் எடையையும், வளைவில் வரும் பக்கவாட்டு விசையையும் சேர்த்தே தாங்கின. பதிலுக்கு அவை கவனிப்பைக் கேட்டன.

ஏறத்தாழ 30,000 அல்லது 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஹப்பைக் கழற்றுவார்கள். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, ஒவ்வோர் உருளையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார் மேஸ்திரி. நீலம் பாரித்திருந்தால் சூடேறியிருக்கிறது. புள்ளி விழுந்திருந்தால் ஆயுள் முடிந்தது. நன்றாக இருந்தால் உள்ளங்கையில் கிரீஸை எடுத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கத்து இடுக்குகளில் புது கிரீஸ் பிதுங்கும் வரை நிரப்புவார். பிறகு சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, தளர்த்தி, விரலால் மட்டும் மீண்டும் பிடித்து, ஸ்பிளிட் பின்னை மாட்டுவார். மிஞ்ச வேண்டிய ஆட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அதைப் பெரும்பாலான பட்டறைகளில் அளந்தது கருவி அல்ல, கை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு நம் சாலைகளில் முன்சக்கர இயக்கம் பரவியது. எஞ்சினின் விசையைக் கொண்டுவரும் தண்டு ஹப்பின் நடுவே நுழைய வேண்டும். உருளைகளுக்குப் பதில் குண்டுகள் கொண்ட பேரிங், ஹப்பைத் தாங்கும் நக்கிள் என்ற உறுப்புக்குள் இறுக்கமாகப் போய் உட்கார்ந்தது; அதை எடுக்கவும் ஏற்றவும் ஹைட்ராலிக் பிரஸ் தேவைப்பட்டது. ஏற்றும்போது வெளி வளையத்தில்தான் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் பாதையில் பள்ளம் பதித்துவிடும். புது பேரிங் முதல் நாளே முனகத் தொடங்கும்.

இன்று பல கார்களில் பேரிங்கும் ஹப்பும் ஒரே உறுப்பு. கிரீஸும் ஆட்டமும் தொழிற்சாலையிலேயே தீர்மானமாகி, சீல் வைக்கப்பட்டு வருகின்றன. மூன்று அல்லது நான்கு போல்ட்டைக் கழற்றினால் பழையது வெளியே வரும். துரு பிடித்திருந்தால்தான் போராட்டம். சீலோடு சேர்ந்த மெல்லிய காந்த வளையம் சக்கரத்தின் வேகத்தை ஏபிஎஸ் சென்சாருக்குச் சொல்கிறது. அச்சு நட்டை டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பல கார்களில் இறுக்கும் அளவு 150 முதல் 300 நியூட்டன் மீட்டர் வரை. அந்த அளவுக்கு இறுக்குவதற்கு முன் காரின் எடையைச் சக்கரத்தில் இறக்கக் கூடாது.

கிடைத்தது பெரிது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தொடாமலே ஓடும் பேரிங்குகள் இன்று சாதாரணம். கை தவறி அதிகமாக இறுக்கியதால் ஹப் எரிந்துபோகும் விபத்தும் அருகிவிட்டது. இழந்ததும் உண்டு. அன்று தேய்ந்த வளையத்தையும் உருளையையும் மட்டும் மாற்றினோம். ஹப் வண்டியின் ஆயுள் வரை வந்தது. இன்று உள்ளே ஒரு பாதை தேய்ந்தாலும் நல்ல இரும்பு முழுவதும் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. உருளையைப் பார்த்து வண்டியின் வரலாற்றைச் சொன்ன கண்ணுக்கும் வேலை குறைந்துவிட்டது.

காதுக்கு மட்டும் வேலை குறையவில்லை. வேகம் கூடக்கூட உயரும் இரைச்சல், இடப்பக்கம் வளையும்போது அதிகமானால் பெரும்பாலும் வலது பேரிங். வலப்பக்கம் வளையும்போது அதிகமானால் இடது. டயர் சத்தம் என்று நினைத்து மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். மாற்றும்போது அச்சுக்குப் புது நட்டுப் போடச் சொல்லுங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.