கிராம்புக்குப் பல்வலி ஏன் கேட்கிறது?

பகலில் பொறுத்துக்கொள்ள முடிந்த பல்வலி, ராத்திரி படுத்ததும் உயிரை எடுக்கும். தலை தாழ்ந்தால் பல்லுக்குள் ரத்த அழுத்தம் கூடும். சுற்றிலும் கெட்டிச் சுவர், உள்ளிருக்கும் திசு வீங்க இடமில்லை. தலையணையை உயர்த்தினாலே கொஞ்சம் தணியும்.

கிராம்பைக் கடித்தால்? முதலில் சுரீரென்று எரியும், பிறகு மரத்துப்போகும். அதிலுள்ள யூஜினால், வலிச் சேதியைக் கடத்தும் நரம்பின் சோடியம் வாய்க்கால்களை அடைக்கிறது. பல் டாக்டர்கள் குழியைத் தற்காலிகமாக அடைக்கும் துத்தநாக ஆக்சைடு பசையிலும் இதே சரக்குதான். கிளினிக்கில் மூக்கில் ஏறும் அந்த வாசனை வேறென்ன!

கிராம்பு எண்ணெயானால் பஞ்சில் ஒரு சொட்டு போதும், மிஞ்சினால் ஈறு புண்ணாகும். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் அப்புவது அதைவிட மோசம்; அது அமிலம். வலி மரத்துப்போனாலும் சொத்தை அப்படியே இருக்கும். முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.