பூஞ்சை சாகணும்... எலி பிழைக்கணும்! - தபாலில் போன மண்ணில் கிடைத்த மருந்து

கைக்குழந்தையின் நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தால் டாக்டர்கள் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று, 'நிஸ்டாடின்'. 'நியூயார்க் ஸ்டேட்' என்ற பெயரிலிருந்து பிறந்த பெயர் இது. அதற்குப் பின்னால் இரண்டு பெண்களின் உழைப்பு இருக்கிறது.

1940-களில் பாக்டீரியாவைக் கொல்ல பென்சிலின், ஸ்ட்ரெப்டோமைசின் எல்லாம் வந்துவிட்டன. ஆனால், உடலுக்குள் பரவும் பூஞ்சைத் தொற்றுக்குப் பாதுகாப்பான மருந்து இல்லை. காரணம், பாக்டீரியாவின் செல் நம் செல்லிலிருந்து ரொம்பவே மாறுபட்டது. பூஞ்சையின் செல்லோ பல விதங்களில் நம் செல்லைப் போன்றது. பூஞ்சையைக் கொல்லும் பொருள் பெரும்பாலும் நம்மையும் பதம் பார்த்துவிடும்.

தபாலில் நடந்த ஆராய்ச்சி

நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவர்கள் எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும். நுண்ணுயிரியல் நிபுணரான ஹேசன் இருந்தது நியூயார்க் நகரில். வேதியியல் நிபுணரான பிரவுன் இருந்தது, 200 கி.மீ-க்கு மேல் தள்ளியிருக்கும் ஆல்பனியில். 1948-ல் இருவரும் கைகோத்தார்கள்.

பல ஊர்களிலிருந்து வந்த மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களை ஹேசன் வளர்ப்பார். அவை நோய் தரும் பூஞ்சைகளைக் கொல்கின்றனவா என்று பார்ப்பார். கொன்றால், அந்தக் கலவையைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து ஆல்பனிக்குத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து மருந்துப்பொருளைப் பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்புவார். அடுத்த சோதனை எலிகளுக்கு. அங்குதான் சிக்கல்! பூஞ்சையைக் கொன்ற பொருள்களில் பெரும்பாலானவை எலிகளுக்கும் விஷமாக இருந்தன.

கடைசியில் கைகொடுத்தது, வர்ஜீனியாவில் ஹேசனின் நண்பர் பண்ணையிலிருந்து வந்த மண். அதிலிருந்த நுண்ணுயிர் தந்த பொருள் பூஞ்சையைக் கொன்றது, எலிகள் தாங்கிக்கொண்டன. 1950-ல் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. பூஞ்சை செல்லின் மேலுறையில் 'எர்கோஸ்டெரால்' என்ற கொழுப்பு இருக்கிறது. நம் செல்லில் அந்த இடத்தில் இருப்பது கொலஸ்ட்ரால். நிஸ்டாடின் எர்கோஸ்டெராலைப் பிடித்துக்கொண்டு உறையில் ஓட்டை போடுகிறது.

ஆனாலும், இதை ரத்தத்தில் செலுத்த முடியாது. அது நமக்கே ஆபத்து. வாய், குடல், தோல் போன்ற இடங்களின் தொற்றுகளுக்குப் பயன்படுகிறது. ராயல்டியாக வந்த 1.3 கோடி டாலருக்கும் மேலான தொகையில் இருவரும் தங்களுக்கென எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. மொத்தமும் ஆராய்ச்சிக்கே போனது.

இன்னும் முடியாத தேடல்

2021-ல் நம் நாட்டில் கறுப்புப் பூஞ்சை பரவியபோது, தட்டுப்பாட்டால் குடும்பங்கள் தேடி அலைந்த 'ஆம்போடெரிசின் பி' மருந்தும் நிஸ்டாடின் வகையைச் சேர்ந்ததுதான். உயிர் காக்கும் அந்த மருந்து, சிறுநீரகத்தைப் பாதிக்கவும் கூடும். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் 19 பூஞ்சைகளை முக்கிய அச்சுறுத்தல்களாகப் பட்டியலிட்டது. பல மருந்துகளுக்கு அடங்காத 'காண்டிடா ஆரிஸ்' அதில் ஒன்று.

இப்போது ஆய்வகங்களில் இயந்திரங்கள் ஆயிரக்கணக்கான பொருள்களைச் சோதித்துத் தள்ளுகின்றன. மண்ணோடு நிற்காமல் கடலுக்குள்ளும் தேடுகிறார்கள். ஃப்ளோரிடா கடலில் வாழும் ஓர் உயிரினத்தில் இருந்த பாக்டீரியாவிலிருந்து, 'டர்பின்மைசின்' என்ற பொருளை அமெரிக்க விஞ்ஞானிகள் பிரித்தெடுத்து 2020-ல் அறிவித்தார்கள். எலிகளில் காண்டிடா ஆரிஸை அது கட்டுப்படுத்தியது. அந்த எலிகளுக்குப் பெரிய பாதிப்பும் இல்லை. மனிதர்களுக்கும் அது ஒத்துக்கொண்டால்தான் மருந்துக்கடைக்கு வரும்!