சபாபதியை மீண்டும் மேடையேற்றலாமா?

இங்கிலாந்தில் பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரை ஒரே ஒரு சிறப்புக் காட்சிக்காக உயிர்ப்பிப்பதுண்டு. அன்று நடித்தவர்களே மீண்டும் தோன்றுவர். நம் பழைய நகைச்சுவைக்கு அவ்வாய்ப்பு இல்லை, நடித்தோர் மறைந்தனர். எஞ்சியிருப்பது உரையாடலே.

பம்மல் சம்பந்த முதலியாரின் (1873–1964) 'சபாபதி' நாடகத்தை எடுத்துக்கொள்வோம். கெடாவுக்குள் சப்பானியர் புகுந்த அதே 1941 திசம்பரில் அது திரைப்படமாய் வெளிவந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளையாக டி. ஆர். இராமச்சந்திரன், அதே பெயருடைய வேலைக்காரனாகக் காளி என். இரத்தினம். இட்ட ஏவலைத் தவறாகவே புரிந்துகொள்வான் அவ்வேலைக்காரன். இவ்வகை நகைச்சுவைக்கு மூப்பில்லை. 'விளக்கை அணை' என்றதும் அதைத் தழுவப் போகும் ஒருவனை மேடையில் காட்டுங்கள். தோட்டப் பள்ளிப் பிள்ளையும் சிரிப்பான். சிரித்தவாறே இரு பொருளையும் கற்பான்.

ஆனால், அப்படத்தில் தமிழாசிரியரும் கேலிக்கு ஆளாகிறார். ஆங்கிலம் கோலோச்சிய காலத்தின் நிழல் அது. பள்ளி ஆண்டு விழாவில் நடிக்கும்போது அப்பகுதியை நீக்கிவிடலாமே என்பர் சிலர். தமிழாசிரியனாகிய நானோ நீக்க வேண்டா என்பேன். நீக்கினால், நம் மொழி பட்ட இழிவின் சான்றொன்றும் உடன் மறையும் அன்றோ? திரை உயருமுன் அக்காலத்தை இரண்டு சொற்களில் விளக்குவோம். பிறகு பிள்ளைகளோடு நாமும் சிரிப்போம்.