கொலு பொம்மைக்கு நிழலும் ஒளியும்

கடலூர் வண்டிப்பாளையத்திலும் பண்ருட்டியிலும் கொலு பொம்மைகள் தயாராகின்றன. சாண் உயரப் பொம்மையில் இயல்பாக விழும் நிழல் மிக மெல்லியது. அதைத் தூரிகையால்தான் வரவழைக்க வேண்டும். சேலை மடிப்பின் பள்ளத்தில் அதே நிறத்தின் அடர்த்தியான சாயல், மேட்டில் வெளிறிய சாயல். நிழலுக்காக வெறும் கறுப்பைக் கலந்தால் நிறம் அழுக்கேறிவிடும். சிவப்புக்கு அரக்கு நிறமே பொருத்தம். தில்லை நடராஜர் பொம்மையில் வேலை இன்னும் நுணுக்கம். இடக்கையில் ஏந்திய தீயின் நடுவே வெளிர்மஞ்சள், சுற்றிலும் ஆரஞ்சு, நுனியில் சிவப்பு. தீ நிஜமாகவே எரிவதுபோலத் தோன்ற, உள்ளங்கையிலும் முன்கையிலும் ஆரஞ்சை நீர்க்கக் கரைத்துப் பூச வேண்டும். தள்ளியிருக்கும் பகுதிகள் மங்கலாக இருந்தால்தான் அந்த ஒளி எடுபடும். ஒளி ஒரே திசையிலிருந்து வருவதாகத் தோன்ற, கருவிழியில் வைக்கும் வெள்ளைப் புள்ளியும் இரு கண்களிலும் ஒரே பக்கமாக அமைய வேண்டும்.