மருந்து என்னும் சொல்லும் சிறுநீரக உயிரணுவும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் பிரிஞ்சாங் நகரைக் கடந்து மேலேறினால் கியா பார்ம் வரும். காய்கறிச் சந்தைக்குப் பெயர்பெற்ற அவ்வூரை அடுத்துச் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகள் உள்ளன. களைக்கொல்லி தெளிப்பதைத் தோட்டத் தமிழில் 'மருந்தடித்தல்' என்பர். பிணி தீர்ப்பதற்கும் உயிர் மாய்ப்பதற்கும் நம்மிடம் ஒரே சொல். அச்சொல் மறைப்பது என்ன என்பதைச் சிறுநீரக உயிரணுவுக்குள் சென்று காண்போம். நாம் மருத்துவர் அல்லோம். மருத்துவ நூல்கள் கூறுவதைத் தமிழில் எடுத்துரைக்கும் மொழியியலார் மட்டுமே.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு வடிகட்டி முடிச்சும் ஒரு நுண்குழலும் கொண்டது. நாளொன்றுக்கு வடியும் ஏறக்குறைய 180 லிட்டர் நீரில் மூன்றில் இரு பங்கை நுண்குழலின் முதற்பகுதியே மீட்டெடுக்கிறது. அங்குள்ள உயிரணுக்களின் மேற்புறத்தில் நுண்ணிய நீட்சிகள் தூரிகை மயிர்போல் நெருங்கி நிற்கும். அடிப்புறத்தில் சோடியத்தை வெளியேற்றும் எக்கிகள் இருக்கும். இவ்வுழைப்புக்கு ஆற்றல் தருவன மைட்டோகாண்டிரியா எனப்படும் இழைமணிகள்.

குருதியோட்டம் குன்றினாலும் நஞ்சு புகுந்தாலும் முதலில் அடிபடுவன பெரும்பாலும் இவ்வுயிரணுக்களே. தூரிகை விளிம்பு உதிர்கிறது. எக்கிகள் அடிப்புறத்தை விட்டு இடம்பெயர்கின்றன; மேல் எது, கீழ் எது என்பதையே உயிரணு மறந்துவிடுகிறது. பின்னர் உயிரணுக்கள் கழன்று, புரதத்தோடு திரண்டு, குழலை அடைக்கின்றன. இதனைக் 'கடுமையான சிறுநீரகப் பாதிப்பு' எனப் பெயர்ப்பது எமக்கு உடன்பாடன்று. மூலச்சொல் சுட்டுவது வலியின் கடுமையை அன்று, குறுகிய காலத்தில் நேர்வதை. நோவேதும் இன்றியே இது தொடங்கக்கூடும். 'திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு' என்க.

இனி, மலேசியத் தோட்டங்களில் நெடுங்காலம் புழங்கிய பாராகுவாட்டைக் காண்போம். 2002-இல் இந்நாட்டில் அதற்குத் தடை அறிவிக்கப்பட்டது; 2006-இல் தடை தளர்ந்தது; 2020 சனவரி முதல் அது முற்றாக விலக்கப்பட்டது. இந்நஞ்சு உயிரணுவை உடைத்துக்கொண்டு நுழைவதில்லை. கழிவகற்றும் கடமையில் நுண்குழல் உயிரணுவே அதனைக் குருதியிலிருந்து உள்ளிழுக்கிறது. உள்ளே அது எலக்ட்ரான் ஒன்றைப் பெற்று ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. மீண்டும் பெறுகிறது, மீண்டும் கொடுக்கிறது. இச்சுழற்சியில் பிறக்கும் வினைமிகு ஆக்சிஜன் இழைமணிகளின் சவ்வைச் சிதைக்கிறது. கொடுமை யாதெனில், இந்நஞ்சு உடலை விட்டு நீங்கும் பெருவழியும் சிறுநீரகமே. வழி அடைபட, நஞ்சு குருதியில் தங்கி நுரையீரலில் சேர்கிறது. பலர் இறப்பது அந்நுரையீரல் சிதைவால்தான்.

எனினும் பொதுவாக நுண்குழலுக்கு மீளும் ஆற்றல் உண்டு. அடிச்சவ்வு குலையாதிருப்பின், எஞ்சிய உயிரணுக்கள் தம் சிறப்புருவைக் களைந்து, தட்டையாகிப் படர்ந்து, பிரிந்து பெருகி வெற்றிடத்தை மூடுகின்றன. தூரிகை விளிம்பு பின்னரே முளைக்கும். சிதைவு மிகின் அவ்விடத்தில் நார்த்திசு படர்ந்து, நாட்பட்ட நோய்க்கு வழியாகும்.

ஆகவே காலம் இங்கே பெரிது. சிறுநீர் குறைந்து வந்த தொழிலாளியிடம் மருத்துவர், "மருந்து ஏதேனும் எடுத்தீர்களா?" என்று வினவுகிறார் எனக் கொள்வோம். மாத்திரையை நினைத்து அவர் "இல்லை" என்பார். அது பொய்யன்று. "என்ன தெளித்தீர்கள், உடலில் பட்டதா, வாயில் போனதா?" என்று கேட்டால் விடை வேறாகும்.