யானை வாங்குமுன் தீனியை எண்ணுக

யானையை விலைக்கு வாங்குவது பெரிதன்று. அதைக் கட்டித் தீனி போடுவதே பெரிது என்று நம் முன்னோர் கூறுவர். யானை வாங்கும் வழக்கம் இன்று நம்மிடையே இல்லை. ஆயினும் யானைக்கு ஒப்பான வேறொரு பொருளைப் பற்றி நம்மவர் பலர் இரவு பகலாகச் சிந்தித்து வருகின்றனர். கனடா தேசத்தில் குடியேறிய நம் பிள்ளைகள் விரும்பி நாடும், நான்கு சில்லுகளும் சேர்ந்து இழுக்கும் உயர்தரப் பாவித்த காரையே குறிப்பிடுகின்றோம்.

2024ஆம் ஆண்டின் மார்கழி விடுமுறையில் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில் எமது தமக்கையாரின் மகன் வீட்டில் சில வாரங்கள் தங்க நேர்ந்தது. மருமகனின் மனைவி ஒரு வைத்தியசாலையில் தாதி. விடியற்காலை ஐந்து மணிக்கு, வீதிகளில் பனி வழிக்கப்படுமுன்னரே, அவள் புறப்பட்டாக வேண்டும். இருந்த பழைய கார் ஒரு காலை மேட்டு வீதியில் ஏற மறுத்து, பின்னோக்கி வழுக்கி, ஓரத்து மரத்தை அணைத்துக்கொண்டது. நல்வினைப் பயனாக உயிர்ச்சேதம் இல்லை. அன்றிரவே மருமகன், “மாமா, நாலு சில்லும் இழுக்கிற நல்ல ஜெர்மன் கார் ஒன்று வாங்கத்தான் போகிறேன். கையில் 15,000 டொலர் இருக்கிறது. நீங்களும் கூட வாருங்கள்” என்றான்.

நாம் பௌதிகம் போதிப்பவரேயன்றிக் கார் வியாபாரம் அறிந்தவரல்லோம். எனினும் அந்த மூன்று வார அலைச்சலில் கற்றவை, அங்கே பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் பௌதிகம் பயிலும் மாணவர்க்கும் பயன்படலாம் என்னும் எண்ணத்தால் இதனை எழுதுகின்றோம்.

இவ்வகைக் காரின் வரலாறு சுவையானது. நான்கு சில்லுகளுக்கும் வலுவூட்டும் முறை நெடுங்காலம் இராணுவ வண்டிகளுக்கும் காட்டுப்பாதை வண்டிகளுக்குமே உரியதாயிருந்தது. 1966இல் இங்கிலாந்தின் ஜென்சன் கம்பெனி வீதிக்கார் ஒன்றில் அதனைப் புகுத்தியது; ஆனால் மிகச் சிலவே விற்பனையாயின. 1977ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் பின்லாந்து தேசத்தில் ஔடிக் கம்பெனியின் பொறியியலாளர் பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தனர். வலுக்குறைந்த இல்டிஸ் என்னும் இராணுவ வண்டி, வலுமிக்க கார்களைப் பனியிலே பின்தள்ளி ஓடியதை அவர்கள் கண்டனர். அந்த வியப்பிலிருந்து பிறந்ததே 1980இல் ஜெனீவாக் கண்காட்சியில் அறிமுகமான குவாற்றோ என்னும் கார். 1985இல் மேர்சிடஸ் நிறுவனமும் தனது ஃபோர்மாற்றிக் முறையை வெளியிட்டது; பீ.எம்.டபிள்யூ.வும் அதே காலத்தில் இத்துறையில் இறங்கியது. பின்னர் லெக்சஸ், இன்ஃபினிற்றி, அக்கியூரா முதலிய ஜப்பானியப் பெயர்களும் வொல்வோவும் சந்தையில் இடம்பிடித்தன.

இனி, இம்முறை செய்வது யாது, செய்யாதது யாது என்பதை நோக்குவோம். சாதாரணக் காரில் இரண்டு சில்லுகளுக்கே எஞ்சினின் வலு செல்கின்றது. அவற்றிடையே உள்ள டிபரன்சியல் என்னும் பற்சில்லுத் தொகுதி இரு பக்கத்துக்கும் சமமான முறுக்கத்தையே வழங்கும். ஒரு சில்லு பனிக்கட்டியில் சுழலுமாயின் அது ஏற்கக்கூடிய சிறு முறுக்கமே மற்றச் சில்லுக்கும் கிடைக்கும், கார் நகராது. நான்கு சில்லுகளுக்கும் வலுவைப் பங்கிட்டால், எங்கே பிடிப்பு உண்டோ அங்கிருந்து கார் உந்தப்படும். ஆகவே புறப்படுவதற்கும் மேடு ஏறுவதற்கும் இம்முறை பேருதவி புரிகின்றது.

ஆனால் நிறுத்துவதற்கு அது எவ்வித உதவியும் செய்யாது! எந்தக் காரிலும் பிறேக் நான்கு சில்லுகளிலும் இருக்கின்றது. நிறுத்துவது ரயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வேயாம். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார், உராய்வுக் குணகம் 0.7 ஆகவுள்ள காய்ந்த தார்வீதியில் பிறேக் பிடித்தபின் ஏறத்தாழ 20 மீற்றரில் நிற்கும். குணகம் 0.2 ஆகும் இறுகிய பனியில் அதே காருக்கு ஏறத்தாழ 71 மீற்றர் வேண்டும். குணகம் 0.1 ஆகும் பனிக்கட்டியிலோ 142 மீற்றர்! வேகத்தை 40 ஆகக் குறைத்தால் இத்தூரங்கள் பாதிக்கும் குறைவாகும். ஏனெனில் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இக்கணக்கை ஒரு கடதாசியில் எழுதி மருமகளிடம் கொடுத்தோம். அவள் அதனைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தாள்.

ஆதலால் காருக்கு முன் எண்ண வேண்டியது ரயர். சாதாரண ரயரின் இறப்பர், வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது இறுகத் தொடங்குகின்றது. பனிக்கால ரயரின் இறப்பரோ குளிரிலும் மென்மை குன்றாதது. மூன்று சிகர மலையும் அதனுள் பனித்துகளும் பொறித்த சின்னத்தால் அதனை அறியலாம். கியூபெக் மாகாணத்தில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இத்தகைய ரயர் பூட்டியிருத்தல் சட்டம். ஒன்ராறியோவில் அத்தகைய சட்டம் இல்லை; ஆயினும் இவற்றைப் பூட்டுவோர்க்குக் காப்புறுதிக் கம்பெனிகள் கட்டணக் கழிவு வழங்க வேண்டுமென 2016ஆம் ஆண்டு முதல் விதி உண்டு. நல்ல பனிக்கால ரயர் பூட்டிய இரு சில்லு இழுவைக் கார், தேய்ந்த ரயருடன் கூடிய நாலு சில்லு இழுவைக் காரைக் காட்டிலும் பனியில் பாதுகாப்பானது.

அடுத்து, எல்லா நாலு சில்லு இழுவையும் ஒரே தன்மையதன்று. ஔடியின் பல கார்களில் டோர்சன் என்னும் பற்சில்லு அமைப்பு எந்நேரமும் வலுவைப் பகிர்கின்றது. பீ.எம்.டபிள்யூ. 2003 முதல் புகுத்திய எக்ஸ்டிரைவ் முறையில் மின்னணுக் கட்டுப்பாட்டிலமைந்த கிளச்சுத் தட்டுகள் அப்பணியைச் செய்கின்றன. வொல்வோவில் கையாளப்பட்ட ஹல்டெக்ஸ் முறையில் வலு பெரும்பாலும் முன்சில்லுகளுக்கே செல்லும். வேண்டியபோது பின்னே பகிரப்படும். எம்முறையாயினும், எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் அப்பால் வேறு ஒயில்களும் உண்டு. அவற்றையும் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். முதற் சொந்தக்காரர் மாற்றாது விட்ட ஒயிலுக்கு மூன்றாம் சொந்தக்காரரே தண்டம் இறுப்பார். மேலும் நான்கு ரயர்களும் ஏறக்குறைய ஒரே தேய்மானமுடையனவாய் இருத்தல் அவசியம். விட்டம் வேறுபட்டால் சில்லுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல, இடையிலுள்ள தொகுதி ஓய்வின்றி உழைத்து அழிந்துபோகும்.

இனிப் பணத்தைப் பற்றிப் பேசுவோம். புதிதாயிருந்தபோது 50,000 டொலருக்கு விற்ற உயர்தரக் கார் பத்தாண்டு கழிந்தபின் 15,000 டொலருக்குக் கிடைக்கலாம். ஆனால் அதன் உதிரிப்பாகங்களின் விலை அவ்வாறு இறங்குவதில்லை. வாங்கும் விலை 15,000 டொலர்க் காரினது. பழுது பார்க்கும் விலை 50,000 டொலர்க் காரினது. இவ்வொரு வாக்கியத்தை மனத்திற் கொண்டால் பல குடும்பங்கள் கடனிலிருந்து தப்பும்.

ஸ்காபரோவில் நம்மூரவர் ஒருவர், முதிய மெக்கானிக், எமக்கு வழிகாட்டியாயினார். “தம்பி, 15,000 கையில் இருந்தால் 11,000க்கு மேல் காரைப் பாராதே” என்றார் அவர். கணக்கும் காட்டினார். விலை 11,000. ஒன்ராறியோவின் விற்பனை வரி நூற்றுக்கு 13 வீதம், அது 1,430. எஞ்சுவது 2,570. அதில் பனிக்கால ரயருக்கும் இரும்பு வளையங்களுக்கும் 1,200 ஒதுக்கினால் மீதி 1,370. ஒயில்கள் யாவற்றையும் மாற்றவும், வாங்குமுன் பரிசோதிக்கவும், எதிர்பாராத முதற் பழுதுக்கும் அதுவே கைம்முதல். உயர்தரக் கார்கள் பல விலைகூடிய பெற்றோலையே கேட்கும். காப்புறுதிக் கட்டணத்தையோ, காரைப் பார்க்கப் போகுமுன்னரே விசாரித்தல் வேண்டும். ஒரே விலையுள்ள இரு கார்களுக்குக் கட்டணம் பெரிதும் வேறுபடுவதுண்டு.

முதலிற் பார்த்த கார் ஜெர்மானியத் தயாரிப்பு. கருநிறம், கண்ணாடி போன்ற பளபளப்பு, தோல் ஆசனம். விலை 14,500. மருமகன் முகம் மலர்ந்தது. அவனுடைய நண்பன் ஒருவனிடமும் அதுபோன்றதொன்று உண்டு. குளிர்ந்த எஞ்சினையே காட்ட வேண்டுமென முன்னரே சொல்லியிருந்தும், நாம் சென்றபோது எஞ்சின் மூடி சுட்டது. குளிரில் புறப்படும்போது எழும் சங்கிலிச் சத்தமும் நீலப்புகையும் சூடான எஞ்சினில் மறைந்துவிடும் என்று மெக்கானிக் பின்னர் விளக்கினார். முன்ரயர் இரண்டும் புதியன. பின்ரயர் இரண்டும் வழுவழுப்பானவை. காய்ந்த தரையில் ஸ்டியரிங்கை முற்றாகத் திருப்பி மெதுவாக வட்டமிட்டபோது கார் விக்கல் எடுத்தாற்போல் உதறியது. விற்பவரோ, “இன்று முடிக்காவிட்டால் நாளை இருக்காது” என்றார். நாம் விடைபெற்றோம். திரும்பும் வழியெல்லாம் மருமகன் பேசவேயில்லை.

இரண்டாவது காரின் வரலாற்று அறிக்கையில் பழைய கடன் ஒன்று தீராது நின்றது. அத்தகைய காரை வாங்கினால் கடன் கொடுத்தவர் காரையே கொண்டுபோக இடமுண்டு. ஒன்ராறியோவில் தனியார் ஒருவர் கார் விற்கும்போது அதன் உரிமை வரலாறு அடங்கிய அரசாங்கத் தகவல் பொதியை வாங்குபவருக்கு அளிக்க வேண்டுமென்பது விதி. அதனைக் கேளாமல் பணம் நீட்டலாகாது. காரிலுள்ள 17 எழுத்தும் எண்ணுமான அடையாள இலக்கம் பத்திரத்திலுள்ளதுடன் பொருந்துகின்றதா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கின்றதே என்று பலர் ஆறுதலடைகின்றனர். 36 நாள்களுக்குச் செல்லுபடியாகும் அச்சான்றிதழ், பரிசோதித்த அன்று கார் வீதிக்கு ஏற்றதாயிருந்தது என்பதற்கே சாட்சி. அது உத்தரவாதம் ஆகாது. அன்றியும், வியாபாரியிடம் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்ட பின்னர் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் அவகாசம் அங்கே சட்டத்தில் இல்லை. ஆதலின் யோசனையெல்லாம் கையொப்பத்துக்கு முன்பே நிகழ வேண்டும்.

அன்றிரவு வீட்டில் சிறு வாக்குவாதம் எழுந்தது. “முதற் காரை விட்டிருக்கக் கூடாது, மாமா, ரயரை மாற்றியிருக்கலாம்” என்றான் மருமகன். அதுவரை வாய்திறவாதிருந்த மருமகள் அமைதியாகச் சொன்னாள்: “விடியப்புறத்தில் அந்தக் காரில் இருக்கப்போவது நான். அதன் பளபளப்பை ஊரவர் பார்ப்பார்கள். பிறேக்கை நான்தான் மிதிக்க வேண்டும்.” அதன்பின் எவரும் எதுவும் பேசவில்லை.

மூன்றாவது கார் பதினோராண்டு பழைய ஜப்பானியத் தயாரிப்பு. நிறம் மங்கல். கதவில் ஒரு கீறல். ஆனால் முதிய தம்பதியர் ஒவ்வோர் ஒயில் மாற்றத்தின் பற்றுச்சீட்டையும் ஓர் உறையில் அடுக்கி வைத்திருந்தனர். நான்கு ரயர்களும் ஒரே இனம், ஒரே தேய்மானம். மெக்கானிக் காரை உயர்த்தி, வீதியில் தூவும் உப்பினால் அடிச்சட்டமும் பிறேக் குழாய்களும் துருப்பிடித்துள்ளனவா என்று விளக்குப் பிடித்துப் பார்த்தார். எச்சரிக்கை விளக்குகள் திறப்பைத் திருப்பியதும் எரிந்து பின் அணைகின்றனவா என்று கவனித்தார். கணினிக் கருவியைப் பூட்டிப் பழுதுக்குறிப்புகள் அண்மையில் அழிக்கப்பட்டனவா என்றும் நோக்கினார். இறுதியில் தலையசைத்தார். விலை 10,800 டொலராக முடிந்தது. பனிக்கால ரயரும் அவ்வாரமே பூட்டப்பட்டது.

நாம் ஊர் திரும்பினோம். 2025 பெப்ரவரியில் ரொறன்ரோவில் பெரும்பனி கொட்டியது. ஒருநாள் மாலை மருமகள் தொலைபேசியில் அழைத்தாள். அன்று விடியற்காலை சந்தியொன்றில் முன்னே சென்ற பெரிய வண்டி வழுக்கிக் குறுக்கே நின்றுவிட்டதாம். “நாலு சில்லு இழுக்கிறது என்று நான் வேகமாகப் போகவில்லை, மாமா. குளிர்ப்பெட்டியில் ஒட்டிய அந்த 71 மீற்றர் ஞாபகத்தில் இருந்தது. நல்ல இடைவெளி விட்டுத்தான் போனேன். இரண்டு கார் நீளம் மிச்சமிருக்க நின்றுவிட்டேன்” என்றாள்.

மருமகனும் பேசினான். கதவிலுள்ள கீறலை இன்னும் திருத்தவில்லையாம். அந்தப் பணம் அடுத்த ஒயில் மாற்றத்துக்கு இருக்கட்டும் என்றான். யானைக்குத் தீனி எண்ணக் கற்றுக்கொண்டான் என மகிழ்ந்தோம்.